கூரைக்கும் தலைக்கும் நடுவே நாலு விரல்

என்னை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: என் உயரம் ஆறடி மூன்று அங்குலம். கல்லூரியில் எனக்குப் பெயர் பனைமரம். நில அளவைத் துறையில் சேர்ந்த பிறகு கொடிக்கம்பம். "சார் போய் அந்த மூலையில நின்னா போதும், கம்பம் நட வேண்டாம்" என்று சங்கிலி பிடிக்கிற ஆட்கள் சிரிப்பார்கள். முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் ஆபீஸ் ஜீப்பின் டாஷ்போர்டில் இடித்து இடித்து என் வலது முழங்காலில் ஒரு தழும்பே உண்டு.

இப்படிப்பட்ட ஒரு ஆளுக்கு, அறுபத்தாறாவது வயதில், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசை வந்தது. சின்னதாக, தாழ்வாக, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடியதாக.

வந்தது என்று சொல்வதும் சரியில்லை. அது பழைய ஆசை. டாகூர் கலைக் கல்லூரியில் படித்த நாளில் நண்பர்கள் நாலு பேர் பஸ் பிடித்து மெட்ராஸ் போய், அங்கிருந்து ரெட் ஹில்ஸ் தாண்டி சோழவரம் போனோம். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது. பிப்ரவரி வெயிலில், வைக்கோல் பொதிகளுக்குப் பின்னால் நின்று கார் பந்தயம் பார்த்தோம். யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் மறந்துவிட்டது. தரையோடு தரையாக, என் இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு சிவப்புக் கார் வந்து நின்றதும், அதற்குள்ளிருந்து ஒருவர் இரண்டு கையையும் ஊன்றி எழுந்து வெளியே வந்ததும் மட்டும் அப்படியே நினைவில் இருக்கிறது. "உன்னை அதுல மடிச்சு வெச்சாலும் மூட முடியாதுடா" என்றான் கூட வந்தவன். அவன் இப்போது இல்லை. சொன்னது மட்டும் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் காதில் இருந்துகொண்டிருக்கிறது.

பிறகு வேலை, கல்யாணம், முத்தியால்பேட்டையில் வீடு, பையன் படிப்பு. பையன் இப்போது பிரான்ஸில், லியோனில் இருக்கிறான். வீட்டில் ஒரு வேகன் ஆர் நிற்கிறது. உயரமானவர்களுக்காகவே செய்தது போன்ற கார். என் தலைக்கு மேலே இன்னொரு தலை வைக்கலாம். ஆஸ்பத்திரிக்கும் மார்க்கெட்டுக்கும் அதுதான். ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாத காரை ஓட்டுவதில் ஒரு சலிப்பு உண்டு, அதை ஓட்டுகிறவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

சென்ற வருஷம் முழங்கால் வலிக்குப் போனபோது டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துவிட்டு, "தேய்மானம் ஆரம்பிச்சிருக்கு. இன்னும் நாலஞ்சு வருஷம் ஒண்ணும் செய்யாது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் அது கெடு சொன்னது போலக் கேட்டது. தாழ்வான காரில் ஏறி இறங்க முழங்கால் வேண்டும். நாலைந்து வருஷம்.

வீட்டம்மாவிடம் சொன்னேன். "உங்க காசு, உங்க ஆசை. ஆறு லட்சத்தைத் தாண்டக் கூடாது" என்றாள். பையன் போனில், "அப்பா, உங்க வயசுக்கு ஒரு ஆட்டோமேட்டிக் வாங்குங்கப்பா" என்றான். நான் வீட்டம்மா சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

* * *

அளந்தே பிழைத்தவன் என்பதால் முதலில் என்னையே அளந்தேன். சுவரில் முதுகை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, தலைமேல் ஒரு புத்தகத்தைத் தட்டையாக வைத்துக் கோடு போடச் சொன்னேன். தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர். இதுதான் உட்கார்ந்த உயரம். காருக்கு நின்ற உயரத்தைவிட இதுதான் முக்கியம். ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளமாக இருக்கும், இன்னொருவருக்கு முதுகு நீளமாக இருக்கும். கால் நீளமானவர் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு தப்பித்துவிடலாம். முதுகு நீளமானவருக்குக் கூரை ஒன்றுதான் எல்லை, அதைத் தள்ள முடியாது. நான் இரண்டாவது ஜாதி.

சாய்மானத்தைப் பின்னால் சாய்த்தால் தலை கொஞ்சம் இறங்கும், உண்மைதான். ஆனால் கை நீட்டி ஸ்டியரிங்கை எட்ட வேண்டியிருக்கும். அரை மணி நேரத்தில் தோள்பட்டை பேசும். சீட்டின் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சைச் செதுக்கி இரண்டு மூன்று சென்டிமீட்டர் சம்பாதிப்பவர்களும் உண்டு. கூரையில் கண்ணாடிச் சாளரம் வைத்த கார் என்றால் அதன் சட்டமும் மோட்டாரும் அதே அளவுக்கு நம் தலைப் பக்கம் இறங்கியிருக்கும். காற்றோட்டமாக இருக்கும் என்று நினைத்து உயரமானவர்கள் அதைத் தேடிப் போவது வேடிக்கை.

திறந்த கார் என்றால் கூரையே இல்லையே, அப்புறம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கே வேறு ஒரு வம்பு இருக்கிறது. முன் கண்ணாடியின் மேல் சட்டம். குட்டையானவர் அதற்குக் கீழே பார்ப்பார். ரொம்ப உயரமானவர் அதற்கு மேலே பார்ப்பார், பூச்சியெல்லாம் வாயில் விழும். என்னைப் போன்றவனுக்குச் சட்டம் சரியாகக் கண்ணுக்கு நேரே நிற்கும். இந்திரா காந்தி சிலை சிக்னலில் முதல் ஆளாக நின்றால் விளக்கு பச்சையா சிவப்பா என்று குனிந்து பார்க்க வேண்டும். பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்துத்தான் எனக்குச் சொல்ல வேண்டும். தவிர, கார் கவிழ்ந்தால் முதலில் தரையில் படுவது எதுவாக இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இது என் ஒருவன் பிரச்சினை இல்லை என்பதில் ஒரு ஆறுதல். அமெரிக்கப் பந்தய வீரர் டான் கர்னி நெட்டை மனிதர். ஃபோர்டின் ஜி.டி. 40 காருக்கு அந்தப் பெயர் வந்ததே அதன் உயரம் நாற்பது அங்குலம் என்பதால்தான். 1967ல் லெ மான் இருபத்து நாலு மணி நேரப் பந்தயத்துக்கு அதன் நாலாவது மாடலை ஓட்ட வந்தபோது, ஹெல்மெட்டோடு கர்னியின் தலை உள்ளே அடங்கவில்லை. கதவுக்கு மேலே கூரையில் அவர் தலைக்காகவே ஒரு புடைப்பு வைத்துக் கொடுத்தார்கள், பணியாரக் குழியைக் கவிழ்த்தது போல. அந்தப் புடைப்போடுதான் அவரும் ஃபாய்ட்டும் ஜெயித்தார்கள். படத்தைப் பெரிதாக்கி வீட்டம்மாவிடம் காட்டினேன். "உங்களுக்கு யார் புடைப்பு வைக்கிறது?" என்றாள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கதை பிடிக்கும். சின்ன வயதில் பிரெஞ்சுத் தெருக்களில் தகர டப்பா போல ஒரு சாம்பல் நிற சித்ரோயன் 2சிவி ஓடும், பார்த்திருப்பீர்கள். அதைச் செய்யச் சொன்ன சித்ரோயன் தலைவர் பியேர் புலான்ஷேயும் உயரமான மனிதர். மாதிரி வண்டி தயாரானதும் தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே ஏறி உட்காருவாராம். தொப்பி தட்டினால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். விவசாயி தொப்பியோடு மாதா கோயிலுக்குப் போக வேண்டும், உழுத நிலத்தில் ஒரு கூடை முட்டையை உடையாமல் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. 1948ல் பாரீஸில் அதைக் காட்டியபோது பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். அப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் அது தயாரிப்பில் இருந்தது. முதலாளி நெட்டையாக இருந்தால் எவ்வளவு நன்மை பாருங்கள். ஸ்போர்ட்ஸ் கார் செய்பவர்கள் எல்லாரும் குட்டை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

* * *

முதலில் பார்த்தது வில்லியனூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில். தகவல் கொடுத்தவர் முதலியார்பேட்டையில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் தம்பி. முப்பது வருஷப் பழக்கம். "சார், ஓப்பன் கார். நீங்க கேட்ட மாதிரியே" என்றார். போய்ப் பார்த்தால் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மெட்ராஸில் செய்த கார். யாரோ கூரையை அறுத்து எடுத்துவிட்டு, ஓரத்தில் குழாயைப் பற்றவைத்து, மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். உட்கார்ந்தேன். காலுக்குத் தாராளமாக இடம் இருந்தது. நான் சொன்ன அந்தச் சட்டம் மட்டும் கண்ணுக்கு நேரே. சரி, பழகிக்கொள்ளலாம் என்று ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் மூடிய கார் என்று இருந்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதோடு, கூரை என்பது மழைக்கு மட்டும் இல்லை. காரின் உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து நிற்பதில் அதற்கும் பங்கு உண்டு. ஷெட்டுக்காரர் கதவைத் திறந்து மூடிக் காட்டினார். மூடும்போது இரண்டு முறை தூக்கி மூட வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுதும் எல்லைக் கல் நகர்த்தியவர்களோடு மல்லுக்கட்டியவன் நான். புலப்படமும் நிலமும் ஒத்துப்போகாத சொத்தை வாங்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன். வந்துவிட்டேன்.

அடுத்தது பெங்களூர். சான் ஸ்டார்ம் என்று ஒரு கார் நம் நாட்டில் செய்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. சான் மோட்டார்ஸ் 1990களின் கடைசியில் கோவாவில் தயாரித்தது. ஃபைபர் கிளாஸ் உடம்பு, இரண்டு கதவு, மடக்கும் துணிக் கூரை. எஞ்சின் ரெனோ, 1149 சி.சி., அறுபது குதிரைத் திறன். வடிவமைப்பிலும் பிரெஞ்சுக்காரர்கள் கை இருந்தது. புதுச்சேரிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சாலையில் பார்ப்பதே அபூர்வம். ஒன்று விற்பனைக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் இரவு பஸ் ஏறிவிட்டேன். அந்த பஸ் சீட்டுக்கும் எனக்கும் நடந்த போராட்டத்தைத் தனியாக எழுத வேண்டும்.

காலை ஏழு மணிக்கு ஒரு அப்பார்ட்மெண்ட் கீழே அந்தச் சிவப்புக் கார் நின்றுகொண்டிருந்தது. சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோழவரத்துக் கார் நிறம். விற்பவர் மரியாதையான இளைஞர். "உட்காந்து பாருங்க அங்கிள்" என்றார். தாழ்வான காரில் ஏற ஒரு முறை இருக்கிறது. வேகன் ஆரில் ஏறுவது போலக் காலை முதலில் வைத்தால் நடுவில் மாட்டிக்கொள்வோம். முதலில் பின்பக்கத்தை இறக்கி உட்கார்ந்து, பிறகு தலையைக் குனிந்து, கடைசியாக இரண்டு காலையும் சேர்த்து உள்ளே இழுக்க வேண்டும். யூடியூபில் பார்த்து வீட்டுத் திண்ணையில் பழகியிருந்தேன். உட்கார்ந்தேன்.

துணிக் கூரை மூடியிருந்தது. என் தலை அதைக் கூடாரக் கம்பு போலத் தூக்கி நின்றது. ஸ்டியரிங் இரண்டு முழங்காலுக்கும் நடுவே வந்துவிட்டது. கிளட்சை மிதித்தால் முழங்கால் ஸ்டியரிங்கைத் தூக்குகிறது. இடது பக்கம் திருப்பினால் என் தொடையும் சேர்ந்து திரும்ப வேண்டும். காரில் ஒரு குற்றமும் இல்லை. ஐந்தடி எட்டு அங்குலத்துக்காரருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நான் போட்டுப் பார்த்தால் சட்டை மேல் பழி சொல்ல முடியுமா? இளைஞர் எனக்காகக் கூரையை மடக்கினார். அப்போது அந்தச் சட்டம், கண்ணுக்கு நேரே. "கொஞ்சம் சாய்ஞ்சு உக்காந்தா சரியாப் போகும் அங்கிள்" என்றார். சாய்ந்தேன். வானம் தெரிந்தது. ரோடு தெரியவில்லை.

அவர் வீட்டிலேயே இட்லி கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

* * *

மூன்றாவது, சென்னை. ஒரு செகண்ட் ஹேண்ட் ஷோரூம். இதற்கு வீட்டம்மாவையும் அழைத்துப் போனேன். ஈ.சி.ஆரில் மரக்காணம் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே போவது அவளுக்குப் பிடிக்கும்.

பழைய மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. இரண்டு சீட். பட்டனை அழுத்தினால் இரும்புக் கூரை தானாக இரண்டாக மடிந்து டிக்கிக்குள் போய்விடும், இருபத்தைந்து வினாடி. விலை என் கணக்கைத் தாண்டித்தான் இருந்தது. பேசினால் குறையும் என்றார்கள். உட்கார்ந்தேன். ஜெர்மன்காரர்கள் நெட்டையானவர்கள் என்பது நினைவுக்கு வந்தது. சீட் பின்னால் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. கூரைக்கும் தலைக்கும் நடுவே நாலு விரல் நுழைந்தது. டேப்பை எடுத்து அளந்தேன். ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருந்தால் அதற்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே இருபத்தைந்து சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், அதற்குமேலும் இருந்தது. தலைக்குப் பின்னால் இருக்கும் தலையணை காதின் மேல்விளிம்புக்குக் கீழே இருக்கக் கூடாது, அதுவும் சரி. மூன்று பெடலும் மூன்று காலுக்கு இருப்பது போல விசாலம். நாற்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு ஒருவன் மடியாமல் உட்கார்ந்திருந்தான்.

"நீயும் உக்காந்து பாரேன்" என்று உற்சாகமாகக் கூப்பிட்டேன்.

அவள் மறு பக்கம் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். விற்பனைப் பையன், "உக்காருங்கம்மா, சூப்பரா இருக்கும்" என்றான்.

"இல்லப்பா, வேணாம். ஏங்க, நீங்க ஓட்டிட்டு வாங்க. நான் இங்க உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஷோரூம் ஓரத்தில் இருந்த உயரமான நாற்காலியாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சென்ற ஜூலையில் அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னதை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியவனே நான்தான். தாழ்வான நாற்காலியில், சோபாவில் உட்காரக் கூடாது. முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாது. தரையில் கிடக்கும் பொருளைக் குனிந்து எடுக்கக் கூடாது. மூட்டு நழுவிவிடும். மூணு மாதம் கழித்துக் கட்டுப்பாடு தளர்ந்தாலும், தாழ்வான சீட் வேண்டாம் என்றுதான் அவரும் சொன்னார், அவளுக்கும் பயம் போகவில்லை. அந்தக் காகிதம் இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. தினமும் தண்ணீர் எடுக்கும்போது என் கண்ணுக்கு நேரே.

ஐந்து மாதமாகக் கார் தேடுகிறேன். என் முதுகை அளந்தேன், தொடையை அளந்தேன், செருப்பு அளவைக்கூட எழுதி வைத்தேன். இரண்டு சீட் கார் வேண்டும் என்று ஊரெல்லாம் சொன்னவன், இரண்டாவது சீட்டை அளக்கவே இல்லை. அதைவிட, அவளும் ஒரு நாளும் சொல்லவில்லையே என்பதுதான். நான் பெங்களூருக்கு பஸ் ஏறியபோது டிபன் கட்டிக் கொடுத்தாளே, அப்போதும் தெரிந்துதானே இருந்திருக்கும்.

ஓட்டிப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். ஓட்டினேன். அண்ணா நகர் டிராஃபிக்கில் இரண்டு கிலோமீட்டர். பக்கத்து சீட்டில் விற்பனைப் பையன். நல்ல கார்.

திரும்பி வரும்போது மகாபலிபுரம் வரை இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் நான்தான், "ஏன் சொல்லல?" என்றேன். "எத்தனையோ தடவை உங்களை மெட்ராஸ் பஸ்ல குனிஞ்சு உக்கார வெச்சு எங்கம்மா வீட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போயிருக்கேன். நீங்க சொன்னீங்களா?" என்றாள். கல்பாக்கம் தாண்டியதும் இளநீர் குடித்தோம்.

* * *

தேடுவதை நிறுத்திவிட்டேன். மெக்கானிக் தம்பியிடமும் சொல்லிவிட்டேன். ஒரு மாதம் கழித்து அவரே வீட்டுக்கு வந்தார். "சார், கடலூர்ல ஒரு ஹெரால்டு. கூரை இருக்கு. கோச்சுக்காதீங்க, ஒரு தடவை அம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்து பாருங்க."

ஹெரால்டைப் பற்றி இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961லிருந்து அதைச் செய்தது. இங்கிலாந்தில் அதற்குப் பெயர் டிரையம்ப் ஹெரால்டு. வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. பெரும்பாலான கார்கள் உடம்பே எலும்பாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், இதற்குத் தனியாக ஒரு சேசிஸ். அதே சேசிஸைக் கொஞ்சம் குறுக்கி, அதே மிக்கெலோட்டியை வைத்து 1962ல் டிரையம்ப் ஒரு இரண்டு சீட் திறந்த காரைச் செய்தது. ஸ்பிட்ஃபயர். உலகம் முழுக்க இன்றும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் தேடிப் பிடிக்கும் கார். அப்படியானால் ஹெரால்டு அதற்கு அக்கா. இப்படிச் சொல்லி என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. 948 சி.சி. எஞ்சின் ஒரு பஸ்ஸை முந்துவதற்குள் நமக்கு இரண்டு வயது கூடிவிடும்.

கடலூரில் ஒரு மாமரத்தடியில் நின்றது. இரண்டு கதவு. வெள்ளைக்கும் பாலுக்கும் நடுவே ஒரு நிறம். தம்பி முன்னால் போய் பானெட்டைத் தூக்கினார். ஹெரால்டில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முதலை வாய் திறப்பது போல முன்பக்கம் சாயும். மெக்கானிக் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை செய்யலாம். தம்பி உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. இந்தக் காலத்துக் கார்களில் அவருக்குக் கையே நுழையவில்லை என்று அடிக்கடி புலம்புவார்.

இந்த முறை நான் டேப்பை எடுக்கவில்லை. "நீ முதல்ல உக்காரு" என்றேன்.

கதவு நீளம், நன்றாகத் திறக்கிறது. சீட், சாப்பாட்டு மேஜை நாற்காலியைவிடச் சற்றுத்தான் தாழ்வு. தம்பி ஒரு தட்டையான குஷனை மேலே போட்டார். அவள் பின்னால் திரும்பி உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தாள். முழங்கால் இடுப்புக்குக் கீழே நின்றது. கதவைச் சாத்தினாள். ஒரே தடவையில் சாத்திக்கொண்டது. "இது சரியா இருக்கு" என்றாள். அப்புறம்தான் நான் மறு பக்கம் ஏறினேன். கூரை அந்தக் காலத்து உயரம். தலைக்கு மேலே நாலு விரல் இல்லை, மூன்று. முழங்கால் ஸ்டியரிங்கை உரசும், தூக்காது. சீட் தண்டவாளத்தில் இன்னும் இரண்டு பல் பின்னால் தள்ள வழி செய்யலாம் என்றார் தம்பி.

மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே முடிந்தது. ஸ்பேர் பாட்ஸ், தரைத் தகடு, பிரேக் என்று அதற்குமேல் எவ்வளவு ஆயிற்று என்பதை வீட்டம்மாவும் இதைப் படிப்பாள் என்பதால் எழுதவில்லை. தமிழ்நாட்டு வண்டி என்பதால் 28ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மாற்றுவதற்கு இரண்டு மாதம் ஓடியது. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021ல் வந்த விதிப்படி வின்டேஜ் என்று தனிப் பதிவு வாங்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். புதுப் பதிவுக்கு இருபதாயிரம் கட்டணம். அது போகட்டும், அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, ரிப்பேர் தவிர மற்றபடி அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவா வாங்கினேன்? சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொண்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்புகிறோம். கடற்கரைச் சாலையை மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள் என்பதால் துய்மா வீதி, ரொமேன் ரொலான் வீதி என்று உள் தெருக்களில் ஒரு சுற்று. ஹெரால்டு திரும்புகிற அழகை அங்கேதான் பார்க்க வேண்டும். இருபத்தைந்து அடி அகலம் இருந்தால் போதும், முழு வட்டம் அடித்துவிடும். லண்டன் டாக்ஸியும் அதே அளவில்தான் திரும்பும் என்பார்கள். வீதி முனையில், காகிதப் பூவுக்குக் கீழே, ரிவர்ஸ் போடாமல் ஒரே வளைவில் திருப்பினேன். நடைப்பயிற்சிக்கு வந்த கிழவர்கள் கை தட்டினார்கள். எல்லாரும் என் வயதுதான். பிறகு காலாப்பட்டு வரை போய், டீ குடித்துவிட்டுத் திரும்புவோம்.

வேகம் அறுபது. அவள் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக் கையை வெளியே வைத்துக்கொள்வாள். உள்ளே எடு என்று நானும் சொல்வேன்.

நேற்று வியாழக்கிழமை. பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று காலையில் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து வைக்கலாம் என்று சாவியோடு போனேன். கதவைத் திறந்து, வழக்கம்போலப் பின்பக்கத்தை இறக்கி உட்காரப் போனவன் முழங்கால் ஸ்டியரிங்கில் நன்றாக இடித்துக்கொண்டேன். சீட் ஐந்து பல் முன்னால் வந்திருந்தது. தம்பி ஒரு வாரமாக வரவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

முழங்காலைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"சும்மா உக்காந்து பாத்தேன்" என்றாள். "கிளட்ச் ரொம்ப கெட்டியா இருக்கு. அந்தத் தம்பிகிட்ட சொல்லி வைங்க."